வெண்கலக்கா நோயாளியாக நடித்த நாள்

எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, சத்தம் வருகிற பக்கமாக நடந்தால் போதும்.

"இருமல்காரங்க எல்லாம் ஜன்னல் பக்கம் போங்க! சர்க்கரை, அடுத்தது நீங்கதான், எந்திரிச்சு நில்லுங்க! மூலம் யாரு? ரெண்டு மூலம் இருக்கீங்களா? வயசான மூலம் முதல்ல வரட்டும், சின்ன மூலம் அப்புறம்!"

சின்ன மூலம் தலையைக் குனிந்தபடி வாசலோடு வெளியே போய்விடுவதும் உண்டு. மற்றபடி இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை. கூப்பிடுவது வெண்கலக்கா. அவருடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தொண்டையின் பேர்தான் ஆளுக்கு நிலைத்தது.

அக்கா பிறந்தது மாவு மில்லுக்கு ஒட்டின வீட்டில். நாள் முழுக்க மில் ஓடும். அந்த வீட்டில் மெதுவாகப் பேசினால் இரண்டாவது கரண்டி சோறு கிடைக்காது. ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர் என்றால், தொண்டையின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம். கல்யாணம் ஆனது ஒரு தையல்காரருக்கு. அவர் எதிர்மாறு. வாயில் எப்போதும் சிகரெட்டோ குண்டூசியோ இருப்பதால் பேச வசதிப்படாது. மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, அக்கா தினமும் போனில் பேசுவார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்:

"எதுக்கும்மா போனுக்குக் காசு? ஜன்னலத் திறந்துட்டுப் பேசேன், அவளுக்குக் கேக்கும்."

ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தது துடைப்பமும் வாளியுமாகத்தான். அப்போது நோயாளிகளைக் கூப்பிட இருந்தவர் மிக மென்மையான மனிதர். அவர் கூப்பிடுவது அவருக்கே கேட்காது என்பார்கள். ஒரு நாள் டாக்டரம்மா உள்ளே காலியாக உட்கார்ந்திருக்கிறார், வெளியே ஹால் பிதுங்குகிறது, அடுத்த ஆள் உள்ளே போனபாடில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து ஒரு குரல் கொடுத்தார். கூப்பிட்டவர் வந்தார், கூப்பிடாத இரண்டு பேரும் பயத்தில் எழுந்து வந்தார்கள். அன்றிலிருந்து அந்த வேலை அக்காவுடையது. பதவி உயர்வு என்று தாள் எதுவும் வரவில்லை. வாளி மட்டும் வேறு கைக்குப் போனது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பன்னாட்டுப் புற்றுநோய்க் கூட்டாய்வின் வேலையாக. எங்கள் ஊரில் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் "பையன் கேன்சர் ஆராய்ச்சியில இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். வாராவாரம் போனில், "மருந்து கண்டுபுடிச்சிட்டீங்களா இல்லையாடா?" என்று விசாரிப்பார். "கண்டுபிடிக்கிறது மருந்து இல்லப்பா, நோயைத்தான்" என்பேன். "அது ஏற்கெனவே இருக்கே, அதை எதுக்குக் கண்டுபுடிக்கணும்?" என்பார்.

ஆனால் ஆய்வின் எண்ணம் உண்மையிலேயே நல்ல எண்ணம். அதில் கிண்டலுக்கு ஒன்றுமில்லை. புற்றுநோயைச் சீக்கிரம் பிடித்தால் ஆளைக் காப்பாற்றலாம். நோய் வந்தவர் முதலில் போய் நிற்பது பெரியாஸ்பத்திரியில் அல்ல, பக்கத்துத் தெருச் சின்ன ஆஸ்பத்திரியில்தான். அதனால் அங்கேயே, சாதாரண இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் நடுவிலேயே, சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்பட்டு உடனே மேலே அனுப்ப வேண்டும். ஐந்து நாடுகள் இதற்காகக் கைகோத்தன. சந்தேகம் வந்த நோயாளிக்குப் பெரியாஸ்பத்திரியில் வாரத்துக்குள் இடம் கிடைக்கும்படி 'விரைவுப் பாதை' என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடும் செய்தார்கள். சாதாரண வழியில் போனால் அதே இடத்துக்கு மாதக்கணக்கில் வரிசை.

வாசலில் பலகை வைத்தோம். ஆய்வின் பேர் பலகையை விட நீளம். வரைந்தவர் 'புற்றுநோய்' என்பதைப் பெரிதாக எழுதிவிட்டு, மிச்சத்தைக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுதினார். பலகையைப் பார்த்த முதல் நாளே கூட்டம் பாதியானது. சளிக்கு வந்தவர்கள் சளியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் அக்காதான் தெருவில் நின்று, "இது ஒட்டிக்கிற வியாதி இல்லய்யா, பலகையப் பாத்து ஓடாதீங்க, உள்ள வாங்க!" என்று ஆள் சேர்த்தார்.

வாரம் ஒரு முறை கம்ப்யூட்டரில் ஐந்து நாட்டுக் கூட்டம் நடக்கும். முதல் பாதி முழுக்க, "நான் பேசுவது கேட்கிறதா?" என்பதிலும் "நீங்கள் பேசுவது கேட்கவில்லை" என்பதிலும் போகும். ஒரு நாட்டின் பேராசிரியர் முகம் தெரியும், குரல் வராது. இன்னொரு நாட்டின் நிபுணர் குரல் வரும், முகத்துக்குப் பதிலாக உத்தரம் தெரியும். இத்தனைக்கும் நடுவில் அறைக்கு வெளியிலிருந்து வெண்கலக்காவின் குரல் புகுந்து ஐந்து நாடுகளுக்கும் ஒரே சமயத்தில் தெளிவாகப் போய்ச் சேரும். ஒருமுறை தலைமைப் பேராசிரியர் மிக மரியாதையாகக் கேட்டார், அந்த அம்மையார் எந்த நாட்டுப் பிரதிநிதி என்று.

அந்த அம்மையார் என்ன சொல்கிறார் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதுதான் வினையாகிப் போனது. நோயாளியின் நோயைச் சபையில் கூவுவதா? ஆய்வின் அறநெறிக் குழு கூடியது. நோயாளியின் தனிமை காக்கப்பட வேண்டும், இனி எண்ணை மட்டுமே காட்ட வேண்டும், யாரும் கூவக் கூடாது என்று முடிவானது. சிவப்பு எழுத்தில் எண் ஒளிரும் ஒரு பெட்டி கடல் கடந்து வந்து சுவரில் ஏறியது. முறைப்படி அதைத் தொடங்கி வைக்கப் பேராசிரியரே நேரில் வருவார் என்றார்கள்.

அக்கா இடுப்பில் கைவைத்துப் பெட்டியைப் பார்த்தார். "ஏன் தம்பி, இதுல நம்பர் வருது சரி. கண்ணு தெரியாதவங்க வந்தா என்ன பண்ணும்? தூங்குறவங்களத் தட்டி எழுப்புமா?"

"அதுக்கெல்லாம் நீங்க இருப்பீங்கக்கா."

"நான் எதுக்கு இருக்கேன்? கூப்புடறதுக்குத்தான் இருக்கேன். கூப்புட வேணாம்னா மறுபடி வாளியத் தூக்கச் சொல்லுவாங்க. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் குனிஞ்சு துடைக்கவா?"

அதன் பிறகு அக்கா முன்பை விடச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார். பெட்டி தேவையில்லை என்று சுவருக்கே நிரூபிக்கிற வேகம்.

என் வேலை, வருகிறவர்களிடம் எச்சரிக்கை அறிகுறிகளைப் பற்றிய கேள்விகளைக் கேட்பது. கேள்விகளை ஒரு குழு தமிழில் எழுதியிருந்தது. அந்தக் குழுவில் இருந்த யாரும் தமிழில் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். "தங்களுடைய குரலில் மூன்று வாரங்களுக்கு மேற்பட்டு நீடிக்கும் மாற்றம் எதையேனும் உணர்கிறீர்களா?" என்று நான் படிப்பேன். எதிரில் இருப்பவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். பின்னாலிருந்து அக்கா களத்தில் இறங்குவார்:

"தொண்டை கம்மியிருக்கான்னு கேக்குறாருய்யா! ரொம்ப நாளா கரகரன்னு இருக்கா?"

பதில் உடனே வரும். என் கேள்வித்தாளுக்கு உயிர் கொடுத்தது அக்காதான். இப்படித் தினமும் அக்கா அந்தக் கேள்வியைக் கூடம் அதிரக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தில் கத்தியவர். அக்காவுக்குச் சரிசமமான ஆள். அவரிடமும் அக்கா கேட்டார்:

"என்னண்ணே, தொண்டை கம்மியிருக்கா? ரொம்ப நாளாவா?"

கண்டக்டர் நிதானமாக அக்காவைப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான்மா இருக்கு. கேக்குற உனக்குத்தான் தகரத்தத் தரையில இழுக்குற மாதிரி இருக்கு. நான் போன மாசம் வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. மொதல்ல உன்னக் கேக்கச் சொல்லு தம்பிய."

கூடம் சிரித்தது. அக்காவும் விடவில்லை. "உங்க பஸ்ஸு ஹாரன விட நல்லாத்தான் இருக்கு, மாத்திரைய வாங்கிட்டுக் கெளம்புங்க!"

சிரிப்போடு அது முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் அக்காவின் குரல் பாதியில் அறுந்து வெறும் காற்றாகப் போனது. நான் கேள்வித்தாளைப் பார்த்தேன். ஒன்பதாம் கேள்வி. ஆமாம் என்று பதில் வந்தால் தாமதிக்காமல் மேலே அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க ஐந்து நாடுகள் முகாமிட்டிருக்கும் கட்டடத்தில், கட்டடத்திலேயே பெரிய குரல் கண்ணெதிரே கம்மிப்போயிருக்கிறது. அது எங்கள் யார் காதிலும் ஏறவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் டோக்கன் எடுக்க மாட்டார்கள். டோக்கன் எடுத்து, நோயாளி உட்காரும் வட்ட ஸ்டூலில் உட்கார்வது என்னவோ மானக்கேடு மாதிரி. உடம்புக்கு முடியவில்லை என்றால், டாக்டரம்மா டீ குடிக்கிற நேரம் பார்த்துக் கதவில் ஒரு தோளைச் சாய்த்து, "மேடம், ரெண்டு நாளா இடுப்பு…" என்று ஆரம்பிப்பார்கள். டாக்டரம்மா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே ஒரு மாத்திரையின் பேரைச் சொல்வார். பிஸ்கட் ஊறி உடைந்து விழுவதற்குள் வைத்தியம் முடிந்துவிட வேண்டும். இதற்குக் கதவோர வைத்தியம் என்று பேர். இந்தச் சலுகை எங்களுக்கு மட்டும்தான் என்பதில் எல்லோருக்கும் பெருமை வேறு.

அக்காவும் கதவோரம் நின்றிருக்கிறார். டாக்டரம்மா ஆவி பிடிக்கச் சொன்னார். நர்ஸ் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் சப்புகிற மாத்திரையைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் டிரைவர்கூடத் தேனும் மிளகும் என்று தன் பங்குக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கட்டடத்தில் அக்காவுக்கு வைத்தியம் சொல்லாதவர் யாருமில்லை. வாயைத் திறந்து காட்டச் சொன்னவரும் யாருமில்லை.

"அக்கா, இத டாக்டரம்மாகிட்ட ஒழுங்கா காட்டணும்" என்றேன்.

"காட்டியாச்சே."

"நின்னுக்கிட்டுச் சொன்னது கணக்கில்லக்கா. டோக்கன் எடுத்து உக்காந்து காட்டணும்."

"நான் என்ன பேஷண்டா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு பக்கம் வந்து குரலை இறக்கினார்; இறக்கத்தான் முடிந்தது. "தம்பி, நீ படிச்ச புள்ள, உனக்குச் சொன்னா புரியும். பெட்டி வந்து சொவத்துல உக்காந்திருக்கு. இப்பப் போயி எனக்குத் தொண்டை போச்சுன்னு நானே சொன்னா, நாளைக்கே வாளிய கையில குடுத்துருவாங்க. கத்துனதுல கட்டியிருக்கு, சரியாயிரும். நீ வாய மூடு."

நான் வாயை மூடவில்லை. டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. ஒரு நாளைக்கு ஒரு திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து அனுப்புகிறவர். "அவங்களா? கத்திக் கத்தித்தான்பா. ஒரு வாரம் பேசாம இருக்கச் சொல்லு" என்றார். வெண்கலக்காவை ஒரு வாரம் பேசாமல் இருக்கச் சொல்வதற்கு எந்த நாட்டிலும் ஆள் கிடையாது.

"விரைவுப் பாதையில போடலாமா மேடம்?"

"அது ஆய்வுல சேர்ந்தவங்களுக்கு மட்டும். இங்க வேலை பாக்கறவங்களச் சேக்கலாமான்னு விதியில இல்ல. கூட்டத்துல கேட்டுப் பாரு."

கேட்டேன். தலைமைப் பேராசிரியர், அற்புதமான கேள்வி என்றார். அற்புதமான கேள்வி என்றால் பதில் வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆய்வு நடக்கும் இடத்தின் ஊழியரே ஆய்வுக்கு உட்படுபவராக ஆனால் நடுநிலை கெடுமா என்று ஒரு நாடு ஐயம் கிளப்பியது. ஊழியர் என்றால் யார் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்றது இன்னொரு நாடு. புள்ளிவிவர நிபுணர் உத்தரத்தைக் காட்டியபடியே, இப்படிப்பட்டவர்கள் முடிவுகளைக் கோணலாக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். இதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைந்தது. துணைக்குழுவில் யார் யார் இருக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம். அத்தனை நேரமும் வெளியே அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்பு ஐந்து நாட்டுக்கும் கேட்ட குரல் இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் சரியாக எட்டவில்லை. சத்தம் குறைந்ததைக் கவனித்த பேராசிரியர், தனியுரிமை விதியை நாங்கள் ஏற்கெனவே கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டதாகப் பாராட்டினார்.

சாதாரண வழியில் பெரியாஸ்பத்திரி வரிசையில் பேர் கொடுக்கலாம் என்றால் அதற்கும் அக்கா ஒப்பவில்லை. தையல்காரரைப் போய்ப் பார்த்தேன். மெஷினை நிறுத்தினார். சிகரெட்டை எடுத்தார்.

"முதல்ல நிம்மதியாத்தான் தம்பி இருந்துச்சு. இப்போ ராத்திரி சோறு போடறப்ப ஒண்ணும் பேசாமப் போட்டுட்டுப் போறா. எனக்கு இறங்க மாட்டேங்குது." பிறகு, "நான் சொன்னா கேக்கவா போறா? நான் சொல்லி அவ கேட்டதே இல்லையே" என்றார்.

பேராசிரியர் வரும் நாள் நெருங்கியது. பெட்டியைத் தொடங்கி வைப்பதோடு, விரைவுப் பாதை எப்படி வேலை செய்கிறது என்பதை விருந்தினர் முன் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். உண்மையான நோயாளியைக் காட்டினால் தனியுரிமை போய்விடும். அதனால் நோயாளியாக நடிக்க ஓர் ஆள். கம்பவுண்டரின் மச்சான் பள்ளிக்கூட நாடகத்தில் ராஜாவாக நடித்தவர் என்று அவரை ஏற்பாடு செய்தோம். ஒரு வாரம் இருமப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படும் அளவுக்கு நன்றாகவே இருமினார்.

அன்று காலை விருந்தினர்களின் வண்டிகள் தெருவில் நுழைந்துவிட்டன. மச்சானைக் காணோம். கம்பவுண்டர் போன் போட்டார்.

"என்னடா, எங்க இருக்க?"

மறுமுனையில் மச்சான் உறுதியாக இருந்தார். "வேணாம் மாமா. நடிப்புக்குன்னாலும் அந்த வியாதிய என் பேருல கம்ப்யூட்டர்ல ஏத்தறது நல்லதுக்கில்லன்னு வீட்ல சொல்றா. சாதா காய்ச்சலா இருந்தா சொல்லுங்க, வர்றேன்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அப்போதுதான் வந்தது. "வெண்கலக்காவ உக்கார வைக்கலாம் மேடம். அவங்களுக்குக் கேள்வியெல்லாம் மனப்பாடம்."

"அவங்களா?" ஒரு நிமிடம் யோசித்தார். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். "சரி சரி, உக்காரச் சொல்லு."

அக்காவிடம் ஓடினேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். "நடிக்கத்தானே?"

"நடிக்கத்தான்க்கா."

"அப்ப டோக்கன் எடுக்கலாம், தப்பில்ல." புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "என்னன்னு சொல்லணும்? மச்சானுக்கு நெஞ்சு சளின்னு குடுத்திருந்தீங்க."

"புதுசா எதுவும் கட்ட வேண்டாம்க்கா, நடுவுல மறந்துடும். உங்களுக்கு இருக்கறதையே சொல்லுங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்ததா, புரியாத மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய் டோக்கன் எடுத்துக்கொண்டு, தான் இத்தனை வருஷம் விரட்டி உட்கார வைத்த கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தார். பெட்டியில் சிவப்பாக எண் எரிந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். அக்கா எழுந்து உள்ளே நடந்தார். அந்த அறைக்குள் கதவைத் தாண்டி அவர் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வட்ட ஸ்டூலில் அக்கா. எதிரே டாக்டரம்மா, கையில் மைக். சுவரோரமாக ஐந்து நாடுகள். பக்கத்தில் அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர், கழுத்தில் இறுக்கமான டை.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" விருந்தினருக்காகவே வைத்திருந்த இனிமையான குரலில் டாக்டரம்மா கேட்டார்.

"தொண்டை கம்மியிருக்கு மேடம்."

"ரொம்ப நாளாவா?"

"ரொம்ப நாளாத்தான். முதல்ல சாயங்காலம் மட்டும் கம்மும். இப்ப எந்திரிக்கறப்பவே இப்படித்தான். உள்ள என்னமோ ஒட்டிட்டு இருக்கற மாதிரி. கனைச்சுக் கனைச்சுப் பாக்குறேன், போகல."

"புகை பழக்கம் உண்டா?"

"எனக்கு எதுக்கு? அவர் மெஷின்ல உக்காந்து விடுவாரு. ஒரே ரூம். அவர் விடறத இத்தன வருஷமா நான்தான் வாங்கிக்கறேன்."

விருந்தினர்கள் மொழிபெயர்ப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அக்காவை வாய் திறக்கச் சொன்னார். விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "ஆ சொல்லுங்க, இழுத்து" என்றார். அக்கா இழுத்தார். சத்தம் கிளம்பியது, உடைந்தது, காற்றாகிப் போனது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

டாக்டரம்மா மைக்கை மேஜை மேல் வைத்தார். இனிமையெல்லாம் போய், அவருடைய சொந்தக் குரலில் கேட்டார். "இது எப்பலேர்ந்து? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே மேடம். மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. கதவுகிட்ட நின்னு. நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க."

பேராசிரியர் மொழிபெயர்ப்பாளரின் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மருத்துவரின் எளிமையை நோயாளி நினைவுகூர்கிறார் என்று சொன்னார். பேராசிரியர் நெகிழ்ந்து தலையாட்டினார்.

கம்ப்யூட்டரில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று பயிற்சிக்கு, அழுத்தினால் எங்கும் போகாது. இன்னொன்று நிஜப் பதிவு; அழுத்திய கணம் பெரியாஸ்பத்திரியில் அந்த ஆளுக்கு இடம் விழுந்துவிடும். செய்து காட்டுவதற்குப் பயிற்சிப் பொத்தான் என்றுதான் பேச்சு. டாக்டரம்மாவின் விரல் அதன்மேல் போய்ச் சற்று நின்றது. பிறகு நகர்ந்து மற்றதை அழுத்தியது. சுவரோரம் ஐந்து நாடுகள் நின்றிருந்தும், அதைப் பார்த்தது பக்கத்தில் நின்ற நான் ஒருவன்தான்.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பேராசிரியர் அக்காவின் கையைக் குலுக்கி, தான் பார்த்த நடிப்பு நோயாளிகளிலேயே இவ்வளவு இயல்பாக நடித்தவர் இவர்தான் என்றார். நடிப்பைப் பாராட்டி ஒரு கேடயமும் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்குள் போன் வந்தது. அக்கா மறுத்தார், அது நடிப்பு என்றார். டாக்டரம்மா அறையை விட்டு எழுந்து வந்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை எங்கயும் போகாது. வாளி வராது. நான் சொல்றேன். நீங்க போகணும்" என்றார். அக்கா மறுநாள் போனார்.

மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். வலது குரல் நாணில் அரிசிக் குருணை அளவுக்கு ஒன்று. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பேர் சொல்லப் பயப்படும் அதே நோய்தான். ஆனால் ஆரம்பம், குருணையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. கத்தி வேண்டாம், கரண்ட் வைத்தே, அதாவது கதிர்வீச்சிலேயே, சரி செய்துவிடலாம் என்றார்கள். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்தார்கள். அளவெடுக்கும்போது தையல்காரர் பக்கத்தில் நின்றார். அக்கா அவரைப் பார்த்துக் காற்றுக் குரலில் சொன்னார்:

"பாத்துக்கோங்க. ஒரே தரம் அளவெடுத்தாங்க, அச்சுல வார்த்த மாதிரி உக்காந்திருக்கு. நீங்க இத்தன வருஷத்துல எனக்கு ஒரு ஜாக்கெட் இப்படித் தச்சிருப்பீங்களா?"

தையல்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிகரெட்டை அன்றைக்கே விட்டார் என்று சொன்னால் அழகாக இருக்கும். அன்றைக்கு விடவில்லை, தெருவுக்குப் போய்ப் பிடித்தார். விட்டது அப்புறம், அக்கா சிகரெட் பாக்கெட்டைத் தையல் மெஷினுக்குள் போட்டு ஓட்டிய பிறகு.

இந்தப் பக்கம் பன்னாட்டுக் கூட்டாய்வு கொதித்துப் போயிருந்தது. செய்து காட்டுவதற்காக உட்கார்ந்த ஆள் நிஜப் பதிவில் எப்படிப் போனார்? விதிமீறல் அறிக்கை கேட்டார்கள். டாக்டரம்மா ஒரே வரியில் எழுதி அனுப்பினார்: நோயாளிக்கு நோய் இருந்தது. அந்த விளக்கம் போதாது என்று பதில் வந்தது. ஊழியர்களைச் சேர்க்கலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்த துணைக்குழு, தான் முடிவெடுப்பதற்குள் முடிவு வந்துவிட்டதே என்று வருத்தம் தெரிவித்தது. கடைசியில், நடிப்பு என்று பதிவானவரின் விவரத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நீக்கினார்கள். ஆண்டறிக்கையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேராக, ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பூஜ்யம் என்று இருந்தது. அட்டையில் ஒரு படம்: அக்கா வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறார். கீழே, 'மாதிரி நோயாளி' என்று போட்டிருந்தார்கள்.

அதை அப்பாவுக்கு அனுப்பினேன். "இவங்களுக்குத்தான் கண்டுபுடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வேலை ஒழுங்காத்தான் நடக்குது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பட்டம் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிட அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அக்கா இல்லாத மாதங்களில் பெட்டியில் எண் எரியும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எண் எரிவதைப் பார்ப்பதே நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரம்மாவே வெளியே வந்து தன் மெல்லிய குரலில் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொரு மாற்றமும் உண்டு. கதவில் தோளைச் சாய்க்கிறவர்களை இப்போது, "உள்ள வா, உக்காரு, வாயத் திற" என்கிறார். பாதிப் பேருக்கு இடுப்பு வலி அந்த இடத்திலேயே சரியாகிவிடுகிறது.

கரண்ட் முடிந்து, தொண்டைப் புண் ஆறி, கேமரா வைத்துப் பார்க்கிற நாள் வந்தது. துணைக்கு வரும்படி அக்கா சொன்னதால் நானும் போனேன். தையல்காரரை உள்ளே வர வேண்டாம் என்று வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். "அவர் மூஞ்சியப் பாத்தா எனக்கு நல்லது வராது" என்றார். உள்ளே ஓர் இளம் டாக்டர், குழாயை விட்டு, திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவின் விரல்கள் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்திருந்தன. குருணை இருந்த இடத்தைத் தேடினேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது; இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"ஈன்னு சொல்லுங்கம்மா."

"ஈ" என்றார் அக்கா. முரடாக, ஆனால் அறுந்து போகாமல் வந்தது.

"நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்க முயன்றார், குழாய் விடவில்லை. மாவு மில் காலத்திலிருந்து இன்றுவரை அவரிடம் அப்படி ஒரு வேண்டுகோளை யாரும் வைத்ததில்லை. மூச்சை இழுத்தார். அந்தச் சத்தத்தில் இளம் டாக்டர் பின்னால் சாய்ந்தார்.

"போதும்மா, போதும்! சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

கதவைத் திறந்து அக்கா வெளியே வந்தார். பெஞ்சில் தையல்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். கேட்கத் தைரியமில்லை, தலையைத் தூக்கவே இல்லை. அக்கா அவர் முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"என்னத்த இப்படி உக்காந்திருக்கீங்க? ஒண்ணும் இல்லையாம். எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்!"